வீட்டு வைஃபை: எந்த செட்டிங்கை மாற்றினால் பயன், எதை விட்டுவிடலாம்

ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'செக்யூரிட்டி மோடு' என்று ஒரு பெட்டி இருக்கும். அதைத் தொட்டால் ஐந்தாறு பெயர்கள் வந்து நிற்கும்: ஓப்பன், டபிள்யூஇபி, டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, இரண்டும் கலந்த ஒன்று. ரூட்டர் கொஞ்சம் புதிது என்றால் டபிள்யூபிஏ3-உம் இருக்கும். எதற்கும் பக்கத்தில் விளக்கம் கிடையாது. அதனால் ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் எதை வைத்துவிட்டுப் போனாரோ அதுவே பல வீடுகளில் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. பாஸ்வேர்டும் அவர் போட்டதுதான். அநேகமாக வீட்டுக்காரரின் மொபைல் எண்.

இந்தப் பெட்டியில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது ஐந்து நிமிஷ வேலை. அதிகம் யோசிக்க வேண்டியது பாஸ்வேர்டைப் பற்றியும், யாரை எந்த நெட்வொர்க்கில் விடுகிறோம் என்பதைப் பற்றியும்தான் என்பது என் கட்சி. ஆனாலும் பெட்டி முதலில் கண்ணில் படுவதால் அங்கிருந்தே வருவோம்.

அதற்கு முன், "நம்ம வீட்டு வைஃபையில் என்ன தங்கமா இருக்கு, எவன் வரப்போறான்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடப்பதற்குச் சற்று முன்னால் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. போலீஸ் தடம் பிடித்துப் போய் நின்ற இடம் நவி மும்பையில் ஓர் அடுக்குமாடி வீடு. அங்கே குடியிருந்தவர் ஒரு வெளிநாட்டுக்காரர். அவருடைய பாதுகாப்பில்லாத வைஃபையை யாரோ பயன்படுத்தி அனுப்பியிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான் முதலில் பெல் அடிப்பார்கள். இன்றைக்கும் அதுதான் நிலைமை.

வங்கி ஆப்பில் இருப்பதை ஒட்டுக்கேட்பார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அது அந்த அளவுக்கு இல்லை. இன்று வங்கி ஆப்கள், மெயில், வாட்ஸப் எல்லாமே தங்கள் அளவில் குறியாக்கம் செய்துகொண்டுதான், அதாவது மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றித்தான், தரவை அனுப்புகின்றன. வைஃபைக்குள் நுழைந்தவனால் அதை நேரடியாகப் படிக்க முடியாது. அவன் கைக்கு எட்டுவது வேறு: சிசிடிவி ரெக்கார்டர், பழைய கம்ப்யூட்டரில் ஷேர் செய்து வைத்த ஃபோல்டர், பிரிண்டர், எல்லாவற்றுக்கும் மேலாக ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கம்.

பெட்டியில் இருக்கும் பெயர்கள்

ஓப்பன், டபிள்யூஇபி இரண்டையும் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஓப்பன் என்றால் பாஸ்வேர்டே கிடையாது. டபிள்யூஇபியின் ஓட்டையை 2001-லேயே ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டுவிட்டார்கள். 2007-ல் வந்த முறையில், காற்றில் போகும் தரவுத் துண்டுகளைப் போதுமான அளவு பிடித்து வைத்திருந்தால் ஒரு நிமிஷத்துக்குள் சாவியைக் கண்டுபிடித்துவிடலாம். இதில் பாஸ்வேர்டு எவ்வளவு நீளம் என்பதே பொருட்டில்லை.

டபிள்யூபிஏ என்பது 2003-ல் அவசரத்துக்குப் போட்ட ஒட்டு. பழைய கருவிகளைத் தூக்கிப் போடாமல் டபிள்யூஇபியிலிருந்து தப்பிக்க டிகேஐபி என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷமே டபிள்யூபிஏ2 வந்தது. அதில் ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கம். 2006 மார்ச்சிலிருந்து வைஃபை சான்றிதழ் வாங்கும் எந்தக் கருவிக்கும் டபிள்யூபிஏ2 கட்டாயம். அதாவது இன்று உங்கள் வீட்டில் ஓடும் எந்தப் பொருளும் டபிள்யூபிஏ2 தெரியாதது என்று சொல்ல அநேகமாக வாய்ப்பே இல்லை.

ஆனாலும் பழைய ரூட்டர்களில் 'டபிள்யூபிஏ/டபிள்யூபிஏ2 மிக்ஸ்டு, டிகேஐபி+ஏஇஎஸ்' என்றுதான் இருக்கும். எதற்கும் இருக்கட்டுமே என்று வைத்த செட்டிங் அது. இதில் பாதுகாப்புக் குறைவு ஒரு பக்கம் இருக்கட்டும், வேகமும் போகும். டிகேஐபியில் இணையும் கருவிக்கு 54 எம்பிபிஎஸ்-க்கு மேல் இணைப்பு வேகம் கிடைக்காது. கையில் வருவது அதில் பாதிக்கும் குறைவு. 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாசாமாசம் காசு கட்டிவிட்டு, கஸ்டமர் கேரில் "லைன்ல ஒண்ணும் பிரச்சனை இல்ல சார்" என்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இதை ஒருமுறை பார்க்கலாம். ஐபோன் இப்படிப்பட்ட நெட்வொர்க்கில் சேர்ந்தால் 'பலவீனமான பாதுகாப்பு' என்று பெயருக்குக் கீழேயே எழுதிக் காட்டும்.

ஆக, போட்டி மூன்றுக்கு நடுவில்தான்: டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும், டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு, டபிள்யூபிஏ3 மட்டும்.

டபிள்யூபிஏ2-வின் பலவீனம் இது. உங்கள் ஃபோன் ரூட்டரோடு இணையும்போது இரண்டும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. பக்கத்தில் நிற்கும் எவனும் அதைப் பிடித்துப் பதிவு செய்துகொள்ளலாம். அப்புறம் வீட்டுக்குப் போய், கம்ப்யூட்டரில் போட்டு, ஒவ்வொரு பாஸ்வேர்டாக ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் ரூட்டருக்கு எதுவும் தெரியாது. 2018-ல் இதைவிடச் சுலபமான வழி ஒன்றும் வெளிவந்தது: சில ரூட்டர்களில், யாரும் இணையும்வரை காத்திருக்கக்கூட வேண்டியதில்லை, ரூட்டரிடமே கேட்டு வாங்கலாம்.

டபிள்யூபிஏ3 இதைத்தான் அடைத்தது. அதில் ஒவ்வொரு ஊகத்துக்கும் ரூட்டரிடம் நேரில் வந்து கேட்டாக வேண்டும். பதிவு செய்துகொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து உடைக்க முடியாது. இன்னொன்று, டபிள்யூபிஏ2-வில் 'இணைப்பைத் துண்டி' என்ற செய்தியை யார் வேண்டுமானாலும் போலியாக அனுப்பி உங்கள் கருவியை வெளியே தள்ளலாம். வைஃபையில் ஓடும் கேமரா வைத்திருக்கும் வீட்டுக்கு இது முக்கியம், திருட வருபவன் கேமராவை உடைக்காமலே வாயடைத்துவிடலாம் அல்லவா. டபிள்யூபிஏ3-ல் அந்தச் செய்திகளுக்கும் பாதுகாப்பு கட்டாயம். (வாசல் கேமராவுக்கு முடிந்தால் கேபிளே இழுத்துவிடுங்கள். எந்த செட்டிங்கையும்விட அது மேல்.)

டபிள்யூபிஏ3 மட்டும் வைத்துவிடலாமே என்றால், வீட்டில் இருக்கும் சாமான்கள் விடாது. ஐபோன் 7-க்குப் பிந்தையவை, ஆண்ட்ராய்டு 10-க்குப் பிந்தைய ஃபோன்கள், புதுப்பிக்கப்பட்ட விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுக்குப் பிரச்சனை அநேகமாக வராது. ஆனால் ஸ்மார்ட் பல்பு, பிளக், சில வருஷத்துக்கு முந்தைய டிவி, விலை மலிவான கேமரா, பிரிண்டர்? பாதிக்கு மேல் டபிள்யூபிஏ2-வோடு நின்றுவிட்டவை. இதற்காகத்தான் கலப்பு முறை: தெரிந்த கருவி டபிள்யூபிஏ3-ல் சேரும், தெரியாதது டபிள்யூபிஏ2-வில் சேரும்.

கலப்பு முறையைப் பற்றிக் கடைக்காரர் சொல்லாத ஒன்று உண்டு. இரண்டு வாசலுக்கும் பாஸ்வேர்டு ஒன்றே. உடைக்க நினைப்பவன் டபிள்யூபிஏ2 வாசலில் போய் நிற்பான். அங்கே பிடித்ததை வைத்துப் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்தால் டபிள்யூபிஏ3 வாசலும் திறந்துவிடும். எனவே கலப்பு முறையில் உங்கள் பாதுகாப்பு டபிள்யூபிஏ2 அளவுக்குத்தான், அதாவது உங்கள் பாஸ்வேர்டு எவ்வளவு வலுவோ அவ்வளவுதான். புது ஃபோன்களுக்குச் சில நன்மைகள் கிடைப்பதால் கலப்பையே வைக்கலாம். ரூட்டரில் 'டபிள்யூபிஏ3' என்று தெரிவதைப் பார்த்துவிட்டு மொபைல் எண்ணையே பாஸ்வேர்டாகத் தொடர்வதுதான் தப்பு.

மொபைல் எண்ணை ஏன் போடக் கூடாது: ஒரு கணக்கு

விளையாட்டுக்காக வாங்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று டபிள்யூபிஏ2 பாஸ்வேர்டுகளை விநாடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சோதித்துப் பார்க்கும். பத்து லட்சம் என்றே வைத்துக்கொள்வோம்.

நம் மொபைல் எண்கள் 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்றில் தொடங்கும். பிறகு ஒன்பது இலக்கம். மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். பெரிய எண்ணாகத் தெரிகிறது. 4,000 விநாடியில் முடிந்துவிடும், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நம் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவன் முதலில் இதைத்தான் ஓட்டுவான். உங்கள் எண் ஏற்கெனவே தெரிந்த பக்கத்து வீட்டுப் பையனுக்கு கார்டே தேவையில்லை.

பிறந்த தேதி இன்னும் மோசம். நாள், மாதம், வருஷம் சேர்த்து எட்டு இலக்கம். நூறு வருஷத்துத் தேதிகளை எடுத்தாலும் 36,500 சொச்சம்தான். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். பிள்ளையின் பெயரோடு 123 சேர்ப்பது, பெயரில் ஓர் எழுத்துக்குப் பதில் '@' போடுவது இதெல்லாம் உடைக்கும் மென்பொருளின் பட்டியலில் முதல் சில பக்கங்களில் இருப்பவை.

சரி, எதைப் போடுவது? தொடர்பே இல்லாத சொற்கள் ஐந்து. ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும், ஆனால் சொல் தமிழாக இருக்கலாம்: கொக்கு, ரசீது, பாயசம், திண்ணை, பம்பரம் என்பது மாதிரி. (இதையே போடாதீர்கள்.) 2,000 சாதாரண சொற்களிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஐந்தை எடுத்தால், அதே கார்டுக்கு எல்லாவற்றையும் ஓட்ட ஆயிரம் வருஷம் ஆகும். நான்கு சொல் போதாதா என்றால், ஆறு மாதம். பத்து கார்டுகளை வாடகைக்கு எடுப்பவனுக்கு 18 நாள். அந்த ஒரு சொல்லில் கஞ்சத்தனம் வேண்டாம்.

'கண்ணை மூடிக்கொண்டு' என்பதுதான் இங்கே முக்கியம். மனசுக்குள் யோசித்து எடுத்தால் அம்மா பெயர், குலதெய்வம், பிடித்த நடிகர் என்றுதான் வரும். ஏதாவது ஒரு புத்தகத்தை அங்கங்கே புரட்டி, விரல் பட்ட சொல்லை எடுங்கள். திருக்குறள் முதல் அடி, சினிமாப் பாட்டின் பல்லவி இரண்டும் கூடாது. நீளமாக இருந்தாலும் எல்லாருக்கும் தெரிந்தவை. ழ, ள, ற வரும் சொற்களைத் தவிர்த்தால் வீட்டில் ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் அடித்துவிட்டு "சேரவே மாட்டேங்குது" என்று கூப்பிடுவது மிச்சம்.

நெட்வொர்க்கின் பெயரையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள். டபிள்யூபிஏ2-வில் சாவியைக் கணக்கிடும்போது பெயரும் அதில் கலக்கிறது. கம்பெனியிலிருந்து வந்த பொதுவான பெயர்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த பட்டியல்கள் உண்டு. புதுப் பெயரில் கதவு எண்ணோ உங்கள் பெயரோ வேண்டாம்.

டபிள்யூபிஎஸ்: அணைத்துவிடுங்கள்

பாஸ்வேர்டு அடிக்காமல் இணைக்க உதவும் இந்த வசதிக்கு இரண்டு வடிவம். ஒன்று ரூட்டரில் இருக்கும் பட்டன். அழுத்தினால் இரண்டு நிமிஷம் மட்டும் வழி திறக்கும். இன்னொன்று எட்டு இலக்க பின் நம்பர். இதுதான் வில்லன். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி என்றுதானே நினைப்போம்? கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. மீதி ஏழையும் ரூட்டர் இரண்டு துண்டாகப் பிரித்து, முதல் நான்கு சரியா, அடுத்த மூன்று சரியா என்று தனித்தனியாகப் பதில் சொல்லிவிடும். 10,000-உம் 1,000-உம் சேர்ந்து 11,000 முயற்சியில் முடிந்தது. இதை 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபோக் என்ற ஆராய்ச்சியாளர் வெளியிட்டார். சில மணி நேர வேலை. ஆயிரம் வருஷப் பாஸ்வேர்டைப் பின்வாசல் வழியாகச் சில மணி நேரத்தில் ரூட்டரே எடுத்துக் கொடுத்துவிடும்.

புதிய ரூட்டர்கள் சில தவறுகளுக்குப் பிறகு பின் முறையைப் பூட்டிக்கொள்கின்றன. பட்டன் மட்டும் வைத்துக்கொண்டு பின்னை அணைக்க வழி இருந்தால் அப்படிச் செய்யலாம். பல ரூட்டர்களில் இரண்டையும் பிரிக்க முடியாது, அப்படியானால் மொத்தமாக அணைப்பதே நல்லது. ஆண்ட்ராய்டு 10-லிருந்து ஃபோனில் க்யூஆர் கோடு காட்டியே விருந்தாளியை இணைத்துவிடலாம். பட்டனுக்கு வேலையே குறைந்துவிட்டது.

ஒரே நெட்வொர்க்கா, கெஸ்ட் தனியாகவா

இதில்தான் வீட்டுக்கு வீடு முடிவு மாறும். ஒரே ரூட்டரில் வேறு பெயர், வேறு பாஸ்வேர்டோடு தனியாக ஓடும் கெஸ்ட் நெட்வொர்க் என்றால் விருந்தாளிக்கு என்று நினைக்கிறோம். எனக்கு அதைவிட அது டிவி, கேமரா, பல்பு, பிளக் முதலியவற்றுக்கான இடம். இவற்றின் மென்பொருளை யாரும் புதுப்பிப்பதில்லை. கம்பெனியே இரண்டு வருஷத்தில் கைகழுவிவிடுகிறது. 2016-ல் மிராய் என்ற கிருமி, கேமராக்களிலும் ரெக்கார்டர்களிலும் கம்பெனி வைத்த பாஸ்வேர்டுகளை மட்டும் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கானவற்றைக் கைப்பற்றியது. அப்படி ஒன்று உள்ளே வந்தாலும் உங்கள் லேப்டாப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாதபடி வைப்பதற்குத்தான் தனி நெட்வொர்க்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஃபோன் ஒரு நெட்வொர்க்கிலும் டிவி இன்னொன்றிலும் இருந்தால் யூடியூப் வீடியோவை டிவிக்குத் தள்ள முடியாமல் போகலாம். பிரிண்டரைக் கெஸ்டில் போட்டால் பிரிண்ட் வராது. கேமரா பெரும்பாலும் கம்பெனியின் சர்வர் வழியாக ஃபோனுக்கு வருவதால் அதற்குச் சிக்கல் இருக்காது. ஆகவே பிரிண்டர் மெயின் நெட்வொர்க்கில். கேமரா, பல்பு, பிளக் கெஸ்டில். டிவி, வீட்டில் ஃபோனிலிருந்து தள்ளிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் மெயினில், இல்லையென்றால் கெஸ்டில். டிவி ரிமோட்டில் நாற்பது எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தும் கொடுமையும் கெஸ்டுக்குச் சற்றுச் சின்ன பாஸ்வேர்டு வைத்தால் குறையும். அங்கே போகக்கூடியது குறைவு என்பதால் அந்தச் சமரசம் செய்யலாம்.

இந்தப் பிரிவு இன்னொரு முடிச்சையும் அவிழ்க்கிறது. ரூட்டரில் வசதி இருந்தால் மெயினை டபிள்யூபிஏ3 மட்டும் என்றும் கெஸ்டை டபிள்யூபிஏ2 என்றும் வைத்துவிடலாம். பாஸ்வேர்டுகள் வேறு வேறு என்பதால் கலப்பு முறையின் ஓட்டை இங்கே இல்லை. புதுக் கருவிகள் நிறைந்த வீட்டுக்கு இதுதான் என் முதல் தேர்வு.

ஆனால் சில ரூட்டர்களில் கெஸ்ட் என்பது பெயருக்குத்தான். ஃபோனைக் கெஸ்டில் இணைத்துவிட்டு, பிரவுசரில் 192.168.1.1 (அல்லது உங்கள் ரூட்டரின் முகவரி) அடித்துப் பாருங்கள். லாகின் பக்கம் வந்தால் தனிமைப்படுத்தல் சரியில்லை. பிரிண்டரின் முகவரியையும் அப்படியே சோதிக்கலாம்.

காட்சிக்கு இருப்பவை

நெட்வொர்க் பெயரை மறைப்பது பயனில்லை. பெயரை ரூட்டர் சொல்லாவிட்டால் உங்கள் ஃபோன் அதைத் தேடிக்கொண்டு போகுமிடமெல்லாம், பஸ் ஸ்டாண்டிலும்கூட, பெயர் சொல்லிக் கூப்பிடும். மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் அடையாள எண்) வடிகட்டி, அதாவது இந்த இந்தக் கருவிகளுக்கு மட்டும் அனுமதி என்பதும் அப்படியே. அந்த முகவரி காற்றில் திறந்தபடியே போகிறது. பார்த்துக் காப்பியடிக்க நிமிஷம் ஆகாது. போதாததற்கு ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14-லிருந்து ஃபோன்கள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு பொய் முகவரியைக் காட்டுகின்றன. திருடனைத் தடுக்காமல் சொந்தக்காரரை மட்டும் தடுக்கும் செட்டிங் இது. ராத்திரியில் ரூட்டரை அணைப்பது? கரண்ட் மிச்சம், அவ்வளவுதான்.

இவற்றுக்குச் செலவிடும் நேரத்தை ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டுக்குக் கொடுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. 'அட்மின்/அட்மின்' என்று விட்டு வைத்திருந்தால், உள்ளே வந்தவன் டிஎன்எஸ் முகவரியை மாற்றி, நீங்கள் ஒரு தளத்தின் பெயரை அடித்தால் வேறொன்றுக்கு அனுப்ப முடியும். வெளியிலிருந்து நிர்வகிக்கும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' இருந்தால் அணைக்கவும். ஆனால் டிஆர்-069 என்று இருப்பதை அவசரப்பட்டுத் தொடாதீர்கள், இணைப்பு கொடுத்த நிறுவனம் பெட்டியைப் பராமரிக்கும் வழி அது.

யாருக்கு எது

நான்கைந்து பேர் சேர்ந்து அறை எடுத்துத் தங்கும் இடத்தில், செட்டிங்கைவிட ஆள் மாறுவதுதான் பிரச்சனை. டபிள்யூபிஏ2-வில் பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர், நீங்கள் இணையும் தருணத்தையும் பதிவு செய்திருந்தால், உங்கள் வைஃபை குறியாக்கத்தைப் பிரித்துவிட முடியும். எல்லாரிடமும் ஓரளவு புது ஃபோன்தான் இருக்கும், எனவே டபிள்யூபிஏ3 மட்டும் என்று போட்டுப் பாருங்கள். ஒருவர் காலி செய்யும்போதெல்லாம் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

ஊரில் அப்பா அம்மா தனியாக இருக்க, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து கேமராவில் பார்த்துக்கொள்ளும் வீட்டில், எது குறைவாகத் தொந்தரவு தருமோ அதுவே சிறந்தது. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், ஐந்து சொல் பாஸ்வேர்டு, டபிள்யூபிஎஸ் இல்லை, கேமரா கெஸ்டில். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். வீட்டுக்குள் வந்து பீரோவைத் திறக்கிறவனுக்கு வைஃபை ஒரு பொருட்டில்லை.

டபிள்யூபிஏ3-க்காக மட்டும் புது ரூட்டர் வாங்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். நல்ல பாஸ்வேர்டோடு இருக்கும் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் இன்னும் தாங்கும். கம்பெனி மென்பொருள் அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டது, டபிள்யூபிஎஸ்ஸை அணைக்கவே முடியவில்லை, கெஸ்ட் ஒழுங்காகப் பிரியவில்லை என்று இந்த மூன்றில் இரண்டு இருந்தால் மாற்றுங்கள். 2020 ஜூலையிலிருந்து புதிதாகச் சான்றிதழ் பெறும் கருவிகளுக்கு டபிள்யூபிஏ3 கட்டாயம் என்பதால் அது தானாகவே கூட வந்துவிடும்.

ரிப்பேர் பார்க்க வருபவர் ரூட்டரை ரீசெட் செய்தாலோ பெட்டியையே மாற்றினாலோ நீங்கள் செய்த அத்தனையும் போய், டபிள்யூபிஎஸ் மறுபடி உயிர்பெற்று, மொபைல் எண் மறுபடி பாஸ்வேர்டாகிவிடும். அவர் கிளம்புவதற்கு முன்னால் லாகின் செய்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.